சந்திராஷ்டமம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

கிரைண்டரை நிறுத்தினால் ஹாலில் பேச்சு நின்றுவிடுகிறது. சுவிட்சைத் தட்டினால் இங்கே கல்லும் ஓடுகிறது, அங்கே வாயும் ஓடுகிறது. கோகிலவாணி இதை இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டாள். முதல் தடவை, கல்லோரம் ஒட்டிக்கொண்ட உளுந்தை வழித்துவிட நிஜமாகவே நிறுத்தினாள். இரண்டாம் தடவை வேணுமென்றேதான். நிறுத்தின அந்த நொடியில் அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமினான். அவன் அக்கா ருக்மணி, "இந்த வருசம் வெயிலு ரொம்பத்தான்" என்றாள், அதுவரைக்கும் என்னமோ வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாதிரி. வெயிலாம் வெயில். கோபியிலிருந்து பஸ் ஏறிக் காலங்காத்தால ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்து இறங்கினவள் கோயமுத்தூர் வெயிலை விசாரிக்கவா வந்தாள்? மகள் இலக்கியாவுக்குப் பத்தாவது பரீட்சை முடிந்தது முடியாததுமாக அக்காளும் தம்பியும் போனில் குசுகுசுவென்று பேசியது இவளுக்குத் தெரியாதா? கல் சுற்றுகிற கடகடவுக்கு நடுவில் ஒரு சொல், அரைச் சொல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. நாமக்கல். ஹாஸ்டலு. ரெண்டே வருசந்தான். அவகிட்ட நாஞ்சொல்லிக்கறன். அவகிட்ட என்றால் இவளிடம். இவளுடைய பெண்ணை இவளுடைய வீட்டிலிருந்து கொண்டுபோய் நாமக்கல் பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்கூலில் தங்க வைப்பதற்கு, இவளிடம் சொல்லிக்கொள்கிறார்களாம். கேட்டுக்கொள்வதுகூட இல்லை. நடுநடுவில் மூர்த்தி வறுத்த கடலையை உடைக்கிற சத்தம். படக். அப்புறம் மெல்லுகிற சத்தம். அப்புறம் தோலை ஊதுகிற சத்தம், அந்தத் தோல் ஃபேன் காற்றில் ஹால் பூராவும் பறக்கும், அதை இவள் கூட்ட வேண்டும். பதினேழு வருஷமாக இந்த மனுஷன் கடலை தின்கிறான். மற்ற நாளில் அது வெறும் கடலை. இன்றைக்கு ஒவ்வொரு படக்கும் இவள் மண்டைக்குள்ளேதான் உடைந்தது. எழுந்துபோய் அந்தத் தட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ரொம்ப நன்றாக இருக்கும்.

ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் முடிவு பண்ணியிருந்தாள், இன்னைக்கு வாயைத் திறந்தா உனக்குச் செருப்படி வாணி, என்று தனக்கே சொல்லிக்கொண்டு. ஏனென்றால் இன்றைக்கு என்ன நாள் என்று உடம்பு ஏற்கனவே சொல்லிவிட்டது. எப்போதும் முதலில் மூக்குதான் சொல்லும். எதிர்வீட்டில் நல்லெண்ணெய் காய்கிற வாசம் இவள் தொண்டைவரை வந்து குமட்டும். அப்புறம் மார் கனக்கும், கை பட்டால் உயிர் போகும், எந்த ஜாக்கெட்டும் அடுத்தவளுடையது மாதிரி இறுக்கும். மோதிரம் கழற்ற வராது. உப்புக்கு நாக்கு அலையும். நேற்று நின்றபடியே நாரத்தங்காய் ஊறுகாயை வெறும் வாயில் தின்றாள். டிவியில் டயர் விளம்பரத்தில் ஒரு அப்பன் மழையில் கார் ஓட்டி வீட்டுக்கு வந்து சேருவான், அதைப் பார்த்து முந்தாநாள் அழுதாள். டயருக்கு அழுகிற பொம்பளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அதற்கும் பின்னால் வருவதுதான் இது. இதற்கு இவளிடம் பேர் இல்லை. கோபம் என்றால் கோபம் இல்லை. கோபம் யார்மேலோ வரும், இது யாரும் இல்லாதபோதே வந்து உட்கார்ந்துகொண்டு யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். போன மாசம் கிளினிக்கில் ஒரு பெரியவர் மாட்டினார். இவளுக்குப் பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை, நாள் பூராவும் வாங்க உக்காருங்க எந்தப் பக்கம் வலிங்க என்று தேனாகப் பேசுகிற வேலை. பெரியவர் டாக்டர் எப்பங்க வருவாங்க என்று நாலாவது தடவையாகக் கேட்டார். "காது கேக்கலீன்னா காது டாக்டர்கிட்டப் போங்க, இங்க பல்லுதான் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரே ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது இன்னொரு டாக்டர் பாமா மேடம்தான் வந்து, க்ளவுஸைக் கழற்றிவிட்டு, தேதி எப்ப கோகிலா, என்று கேட்டாள். அதற்குப் பேர் உண்டு, பி.எம்.எஸ். என்றாள். நிறையப் பேருக்கு இருக்கிறது, நாற்பதைத் தாண்டினால் சிலருக்கு முற்றும், வைத்தியம் இருக்கிறது, ஒரு லேடி டாக்டரைப் பாரு என்றாள். அட, இதற்கு ஒரு பேர் இருக்கிறதா என்று அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அன்று ராத்திரியே மூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நன்றாகத்தான் கேட்டான், குறை சொல்ல முடியாது, டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தான். கடைசியில் சொன்னான்: "ரெண்டும் ஒண்ணுதான் வாணி. நீ இங்கிலீஸ்ல சொல்ற, நான் காலண்டர்ல சொல்றன்."

அந்தக் காலண்டர். ஹாலில் ஃப்ரிட்ஜுக்கு மேலே, முருகன் படம் போட்ட அட்டையில் தொங்குகிற தினசரித் தாள். விடிந்ததும் பல்கூட விளக்காமல் அவன் செய்கிற முதல் வேலை அதில் நேற்றைக் கிழிப்பது. ராகு காலம் பார்ப்பான், எமகண்டம் பார்ப்பான், அப்புறம் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற சந்திராஷ்டமத்தை வாய்விட்டுப் படிப்பான். எந்த நட்சத்திரத்துக்கு அன்றைக்குச் சந்திரன் சரியில்லையோ அந்த நட்சத்திரக்காரர்கள் வாயைத் திறந்தால் வம்பு, முடிவெடுத்தால் கெடுதல், அவ்வளவுதான் விஷயம், ஊர் உலகத்தில் பாதிப் பேர் பார்க்கிறார்கள். இவளுடையது கேட்டை. பொண்ணு பார்க்க வந்தபோதே ருக்மணி, "கேட்டையா? மூத்தாருக்கு ஆகாதும்பாங்க. நல்லவேளை, தம்பிக்கு அண்ணன் இல்ல" என்று பலகாரத் தட்டோடு உட்கார்ந்து சொன்னவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இவள் என்னத்துக்கோ எரிந்து விழ, மூர்த்தி தற்செயலாகக் காலண்டரைப் பார்க்க, அங்கே கேட்டை என்று இருந்துவிட்டது. அடுத்த மாதமும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. அவ்வளவுதான், அவனுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். பெண்டாட்டி மனசைக் கண்டுபிடிக்க முடியாமல் நாடு பூராவும் ஆம்பளைகள் திண்டாடுகிறார்கள், இவனுக்கு நாள் கிழிக்கிற காலண்டரிலேயே அச்சடித்து வந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்டை நாளில் அவன் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாதிரி நடப்பான். குரலை இறக்கிப் பேசுவான். சாயங்காலம் பரோட்டா வாங்கி வந்து, நீ சமைக்காத, படுத்துக்கோ என்பான். அதையெல்லாம் அன்பு என்றுதான் இவளும் நினைத்தாள். அன்பாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் நிலாவுக்கு ஒரு கணக்கு, இவள் உடம்புக்கு ஒரு கணக்கு. வர வர உடம்பு தன் இஷ்டத்துக்கு முன்னே வருகிறது, பின்னே போகிறது. இப்போதெல்லாம் கேட்டை நாளில் இவள் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடிக்கிறாள், அப்பனும் மகளுமோ கண்ஜாடை காட்டிக்கொண்டு பதுங்குகிறார்கள். நிஜமாகவே தலைக்குள் தீப்பிடிக்கிற நாளில், இன்றைய மாதிரி நாளில், காலண்டர் சுத்தமாக இருக்கிறது என்று நேராக வந்து அதில் கால் வைக்கிறான். காலையில் அவன் படித்தது இவள் காதில் விழுந்தது. "இன்னைக்கு சுவாதி, விசாகம். நம்ம வீட்ல யாருக்கும் இல்ல." அந்தக் குரலில் இருந்த உற்சாகம்! அதனால்தான் அக்காவை இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறான். பேச நல்ல நாளாம்.

உளுந்து பொங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டாமல் எழும்பியது. ருக்மணிக்கு இவள் அரைக்கிற மாவுமேல்கூட ஒரு கண் உண்டு, உன்ற கைக்குச் சூடு ஜாஸ்தி, சீக்கிரம் புளிச்சுப்போகுது என்பாள். கைக்குச் சூடாம். உளுந்தை வழித்துச் சட்டியில் போட்டாள், அரிசியைக் கொட்டினாள், கிரைண்டர் குரல் மாறிக் கரகரத்தது. அரிசி நரநரவென்று அரைபடுவது பல்லுக்குள் கேட்டது. இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு நிற்பதைத் தவிர இப்போது வேறு வேலை இல்லை, அதுதான் ஆபத்து. கை சும்மா இருந்தால் மனசு போய்ப் பழசையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். இழுத்துக்கொண்டு வந்தது. ருக்மணி மகன் காலேஜ் படிக்க இங்கே வந்து தங்கியது. தங்கட்டுமா என்று கேட்டார்கள், இவள் முடியாது என்றாள், ரெண்டு ரூம் வீடு, வயசுக்கு வருகிற பெண் இருக்கிறாள், முடியாது. சத்தமாகத்தான் சொன்னாள். ஒரு டம்ளர் கீழே விழுந்தது, இவள் போட்டாளா அதுவாக விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. மூர்த்தி காலண்டரைப் பார்த்தான். சரி சரி, இப்பப் பேச வேண்டாம் என்றான். அவ்வளவுதான், இவள் சொன்ன காரணம், பெண், ரூம், எல்லாம் அந்தத் தாளோடு மறுநாள் கிழிந்து குப்பைக்குப் போனது. அப்புறம் நாலு நாளில் உடம்பு தணிந்து, ரத்தம் வந்து, தலை தெளிந்து, ஐயோ அப்படிக் கத்திவிட்டோமே, டம்ளரை வீசினவள் என்று ஊரில் சொல்வார்களே என்று இவளுக்கே கூசிப்போய், இவளே வாயெடுத்துச் சொன்னாள், வரட்டுமுங்க, பாவம், சின்னப் பையன்தானே. இரண்டு வருஷம் இலக்கியா ஹாலில் படுத்தாள். இவளுடைய ஸ்கூட்டியை விற்றதும் அப்படித்தான். முடியாது என்று கத்தினாள், அப்புறம் கத்தினதற்குப் பரிகாரமாகச் சாவியைக் கொடுத்தாள், இப்போது கிளினிக்குக்கு டவுன் பஸ்ஸில் தொங்குகிறாள். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் இவள் எதற்கெல்லாம் சரி என்று சொன்னாளோ அதெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்காகச் சொன்னது. வேண்டாம் என்று சொன்னதுதான் நிஜம். கோபத்தில் சொன்னது என்பதால் அது பொய்யாகிவிடுமா? அப்படியா? அல்லது இப்படி நினைப்பதுகூட இன்றைய உடம்பு நினைக்கிற நினைப்புதானா, நாலு நாள் கழித்து, சே, மூர்த்தியைப் போய் இப்படி நினைத்தோமே என்று இதற்கும் ஒரு பரிகாரம் பண்ணப் போகிறாளா? இதுதான் இதில் இருக்கிற கேடு. அடுத்தவன் நம்பாதது பெரிசில்லை. தன்னையே தான் நம்ப முடியாமல் அடிக்கிறது. கையில் ஒட்டின மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், யார் கை என்று கேட்கத் தோன்றுகிற மாதிரி வீங்கியிருந்தது.

"புள்ளையே கேட்டுப்போட்டா, அப்பறம் என்ன." கல் சத்தத்துக்கு நடுவில் ருக்மணியின் குரல் இப்படி விழுந்தது.  புள்ளையே கேட்டதா? எந்தப் புள்ளை? இந்த வீட்டில் இருப்பது ஒரு புள்ளைதான், உள்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடக்கிறது. சும்மா சொல்கிறாள். தம்பிக்குத் தைரியம் வருவதற்காகச் சொல்கிறாள். இல்லை, சும்மா இல்லை. பெண்ணே கேட்டிருப்பாள். ஏன் கேட்க மாட்டாள்? போன பொங்கலுக்கு முந்தின வாரம் டிபன் பாக்ஸைக் கழுவப் போடவில்லை என்று, வெறும் டிபன் பாக்ஸ், அதற்குள் காய்ந்துபோன நாலு பருக்கைச் சோறு, அதற்காக அந்தக் குழந்தையைப் பார்த்து, உன்னப் பெத்த வயித்துல பெரண்டையத்தான் கட்டிக்கணும் என்று கத்தினாள். கத்தியதுகூடப் பரவாயில்லை. அதைச் சொல்லும்போது உள்ளே ஒரு சுகம் இருந்தது, தேள் கொட்டி முடித்தால் அதற்கு அப்படித்தான் இருக்கும்போல.  இலக்கியா டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் இவள் மூன்று நாள் அந்தப் பெண் பின்னாலேயே அலைந்தாள், தோசை வேணுமா கண்ணு, தலை பின்னி விடட்டுமா கண்ணு என்று. பெண் பின்னிக்கொண்டாள், ஆனால் கண்ணாடியில் அம்மா கண்ணைப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பனிடம் கேட்க ஆரம்பித்தாள், "அப்பா, இன்னைக்கு யாருக்கு?" மழை வருமா, குடை எடுத்துக்கொள்ளவா என்று கேட்கிற குரல். சமையல்கட்டிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்குக் கரண்டியைத் தன் மண்டையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். பெத்த மகள் தாயைப் பார்க்கக் காலண்டரைப் பார்க்கிறாள். அப்படி இருக்கையில் நாமக்கல் என்ன, காசிக்கே போகிறேன் என்று சொல்வாள். இவளிடமிருந்து தப்பிக்கப் போகிறாள். இவளால் போகிறாள். ஆஹா, நல்லா வளர்த்தடி, என்று உள்ளே எதுவோ கைதட்டியது.

ஆனால் அதிலும் ஒன்று இடறியது, இடறின இடத்திலேயே நின்று நின்று சுற்றியது. பத்துப் பதினைந்து நாள் இருக்கும், அன்றைக்கு இவள் நன்றாக இருந்தாள், இலக்கியாதான் அப்பனிடம் என்னமோ வாதாடிக்கொண்டிருந்தாள். பதினொண்ணாவதுக்கு பயாலஜி வேண்டாம், வேறு எடுக்கிறேன் என்றோ என்னமோ, குரல் ஏறிக்கொண்டே போனது, நான் சொல்றதை ஒரு தடவையாச்சும் கேளுங்கப்பா என்றாள், கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாள். மூர்த்தி சிரித்துக்கொண்டே ஃப்ரிட்ஜ் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "அட, ரோகிணி! இன்னைக்கு மகளோட டர்ன்" என்றான். இவளும் சிரித்தாள். சிரித்தது மட்டுமா? சாத்தின கதவைப் பார்த்து, "என்னடி, சந்திராஷ்டமமா?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஒரு நாளாவது அந்தக் காலண்டர் வேறு யாரையாவது பிடித்ததே என்கிற நிம்மதியில் கேட்டாள்.  அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? அதற்கும் ஹாஸ்டலுக்கும் என்ன? ஒன்றுமில்லை, போ. அரிசி போதும், ரவை பதத்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஓடினால் மையாகிவிடும். கையை வைத்து சுவிட்சை நிறுத்தினாள். ஹாலில் பேச்சு டக்கென்று நின்றது. "வெயிலு..." என்று ருக்மணி ஆரம்பித்தாள். அந்த வெயிலுதான் கெடுத்தது. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள்.

மாவுக் கையோடேயே போய் ஹால் வாசலில் நின்றாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூர்த்தி வாயில் கடலை இருந்தது, மெல்லுவதை நிறுத்தினான்.

"இலக்கியாவ எங்கயும் அனுப்ப முடியாது" என்றாள். "எம்புள்ள எங்கூடத்தான் இருப்பா. இங்க இல்லாத ஸ்கூலா?"

கத்தவில்லை. எவ்வளவு சிரமப்பட்டுக் கத்தாமல் இருந்தாள் என்பது அவளுக்கும் அவள் தாடைக்கும்தான் தெரியும். குரல் தாழ்ந்து, யாரோ தெளிவான பொம்பளை பேசுகிற மாதிரி வந்தது.

"ஏங்கண்ணு, உக்காரு, உக்காந்து பேசலாம்" என்றாள் ருக்மணி. "நாங்க என்ன காட்டுக்கா அனுப்பறோம்? புள்ளையே போறங்குது..."

"நான் நின்னுட்டே பேசிக்கறனுங்க அண்ணி. வேண்டாம்னா வேண்டாந்தான்."

 மூர்த்தி எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். காலண்டரைப் பார்த்தான். அதில் சுவாதி, விசாகம்தான் இருந்தது, காலையில் அவனே படித்தது. பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும், இன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கு நான் சொன்னது சொன்னதுதான், என்று இவளுக்குள் ஒரு வீம்பு எழும்பியது. அவன் கட்டைவிரலால் இன்றைய தாளைத் தூக்கி நாளையைப் பார்த்தான். அதையும் தூக்கினான். அதற்கடுத்ததையும் தூக்கினான். தேடிப் பிடித்துவிட்டான். முகம் தெளிந்தது.

"புதன்கிழமை வருதுக்கா" என்றான் அக்காவிடம், மெதுவாக, நோயாளி பக்கத்தில் பேசுகிற குரலில். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு போல. இப்பப் பேச வேண்டாம். வியாழன் கழிச்சுப் பேசிக்கலாம்."

அந்தக் கடலைத் தட்டு இவளுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுத்து அடித்திருக்கலாம். அடித்தால் அவனுக்கு நல்லதாகப் போயிருக்கும், பாத்தியாக்கா என்பான். இவள் திரும்பிச் சமையல்கட்டுக்கே வந்தாள். அரிசி மாவைக் கையால் வாரி வாரிச் சட்டியில் போட்டாள், பாதி மேடையில் விழுந்தது, விழட்டும் சனியன். கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை, முழங்கையால் துடைத்தாள். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. இலக்கியா. காதில் மாட்டியிருந்தது கழுத்தில் தொங்கியது.

"நாந்தான் கேட்டேன்மா" என்றாள்.

"தெரியும்." மாவைப் பார்த்தே சொன்னாள் கோகிலவாணி. "போ. எங்கிட்ட இருந்து தப்பிச்சு எங்கியோ போ. நான் பேய். பேய்கூட யார் இருப்பா?"

"உங்கிட்ட இருந்து இல்ல."

"பின்ன? பெரண்டைன்னு சொன்னனே, அதுக்குத்தானே?"

"அது வலிச்சுது. ஆனா அதுக்கில்ல. நீ கத்துனா நீ கோவமா இருக்கறன்னாச்சும் எனக்குத் தெரியுது." இலக்கியா மேடையில் விழுந்த மாவைச் சுண்டுவிரலால் வழித்துச் சட்டியில் விட்டாள். "நான் கோவப்பட்டா ரோகிணிங்கறீங்க. அழுதாலும் ரோகிணி. பயாலஜி வேண்டாம்னு சொன்னேன், அதுக்கும் ரோகிணி. அப்பா சொன்னார்னா அவரு எப்பவும் அப்படித்தான். அன்னைக்கு நீயும் சேந்து சிரிச்சியே." விரலைச் சட்டி விளிம்பில் தேய்த்தாள். "அங்க என் நட்சத்திரம் யாருக்கும் தெரியாதும்மா."

 ஆமாம், கோகிலவாணி சிரித்திருக்கிறாள். பதினேழு வருஷமாக எந்தச் சாட்டையால் அடி வாங்கினாளோ அதை ஒரு நாள் கையில் கொடுத்ததும் வாங்கிச் சுழற்றிப் பார்த்திருக்கிறாள், அதுவும் தன் பெண்மேல், அதுவும் வேடிக்கைக்கு. இந்த வெட்கமும் புதன்கிழமைக்கு வரவேண்டியது முன்னாடியே வந்துவிட்டதா? இல்லை. இது எந்த நாளிலும் வெட்கம்தான். பயாலஜி வேண்டாம் என்றாயே, வேறு என்னதான் படிக்க வேண்டுமென்றாய் என்று கேட்க நினைத்தாள். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மகளுடைய முகத்தைப் பார்த்தாள், நெற்றியில் புதிதாக இரண்டு பரு, கீழுதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. இந்த உதடு இவளுடையது. இந்தக் கடியும் இவளுடையதுதான். பெண்ணை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, மாரில் பட்டால் உயிர் போகும், கையெல்லாம் மாவு, கட்டிக்கொள்ளவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். மோதிரத்துக்கு அடியில் போன மாவு மட்டும் வரவில்லை.

ஹாலுக்குப் போனாள். அக்காளும் தம்பியும் மறுபடி வெயிலுக்கு வந்திருந்தார்கள்.

"போகட்டும்" என்றாள். "அவ கேக்கற ஸ்கூலுக்கே போகட்டும். அவ கேக்கற குரூப்பே எடுக்கட்டும். பயாலஜி கியாலஜின்னு யாராச்சும் வாயத் தொறந்தீங்க, நடக்கறதே வேற."

மூர்த்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சரி வாணி, சரி. அவ இஷ்டம்" என்றான். ருக்மணி, "நாஞ்சொன்னனல்ல, பொறுமையா எடுத்துச் சொன்னா கேட்டுக்குவா" என்று கொய்யாப்பழத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றபோது புதன்கிழமைவரைக்கும் தாளைத் தூக்கிப் பார்த்த மனுஷன், சரி என்றதும் காலண்டர் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. இவள் அதைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே வந்தாள்.

இலக்கியா உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். உப்பு ஜாடியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். இவள் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"ஹாஸ்டல்ல யாராச்சும் நட்சத்திரம் கேட்டா" என்றாள் குரலைத் தாழ்த்தி, ஹாலுக்குக் கேட்காதபடி, "தெரியாதுன்னு சொல்லிப்போடு. எங்கம்மாவுக்கு ஞாபகமில்லைன்னு சொல்லு."